தேதி இல்லாத காயம்: ஓர் அமெரிக்கக் கால்பந்து சென்டரின் 17 சீசன்கள்

எதைப் பற்றிய ஆய்வு

இது ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரின் கதை. 1974 முதல் 1990 வரை அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் போட்டிகளில் சென்டராக ஆடியவர். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நான்கு வெற்றிகளில் பங்கு பெற்றவர். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளிலேயே ஞாபகமும் நிதானமும் குலைந்து, குடும்பம் பிரிந்து, பிக்கப் வண்டியில் படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்தார். 2002 செப்டம்பரில் 50 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் மூளைக்கு என்ன ஆகியிருந்தது என்பது அதன் பிறகுதான் நுண்ணோக்கியின் கண்ணாடித் தகடுகளில் தெரிந்தது. அவருக்குச் சேர வேண்டிய பணம் சேர வேண்டியதுதான் என்று நீதிமன்றம் சொல்லி முடிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின.

அவருடைய பெயரையும் அவரைச் சுற்றியிருந்தவர்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஆளைக் கண்டுகொள்வார்கள். பெயர் போட்டால் வாசகர் கவனம் அவருடைய புகழின் பக்கம் போய்விடும். இங்கே பார்க்க வேண்டியது அவர் செய்த வேலை, அந்த வேலை அவர் உடம்பில் செய்தது, அதை நிரூபிக்க அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பட்ட பாடு.

சென்டர் என்ன செய்கிறார்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுகிறவர்கள் சிலர்தான். தாக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கு அந்த வேலையே கிடையாது. நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். எதிரணியின் முன்வரிசையைத் தடுத்து, குவாட்டர்பேக் பந்தை எறிய மூன்று நான்கு விநாடி வாங்கித் தருவார்கள். ஓடுகிறவருக்கு வழி திறந்து விடுவார்கள். சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் மைதானமே பார்க்கும்.

சென்டருக்கு இதில் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் ஆட்டம் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். குனிந்து, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுக்க வேண்டும். இதற்கு ஸ்னாப் என்று பெயர். மோதல் தொடங்கும் கணத்தில் அவருடைய கை பந்தில் இருக்கிறது, தலை தாழ்ந்திருக்கிறது. எதிரே இருப்பவருக்கு இரண்டு கையும் காலி. 1970களின் பிற்பகுதியில் பல அணிகள் மூன்று பேர் கொண்ட தடுப்பு வரிசைக்கு மாறின. அந்த அமைப்பில் நோஸ் டேக்கிள் எனப்படும் கனத்த ஆள் சென்டரின் நெற்றிக்கு நேரெதிரே வந்து குந்துவார். இருவருக்கும் இடையே ஒரு பந்தின் நீளம்தான் இடைவெளி. கிடா முட்டு பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கிடாக்களுக்காவது பின்வாங்கி மூச்சு வாங்க நேரம் உண்டு. சென்டர் ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை முட்ட வேண்டும். வார நாட்களில் பயிற்சியில் நடப்பது தனி.

அன்றைய விதிகளையும் சொல்ல வேண்டும். 1978 வரை தடுப்பவர் கையை நீட்டித் தள்ளக் கூடாது. கைமுட்டியை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் முதலில் போய் மோதுவது தோளும் ஹெல்மெட்டும்தான். எதிரே நிற்பவருக்கோ 1977 வரை உள்ளங்கையால் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறைய அனுமதி இருந்தது. ‘ஹெட் ஸ்லாப்’ என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ் அதை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருந்தார். நம் வீரரின் முதல் சில சீசன்கள் இந்த விதிகளின் கீழ் கழிந்தவை.

1974 முதல் 1990 வரை

விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் ஆடினார். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் 1974 தேர்வில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி இவரை ஐந்தாவது சுற்றில், 125-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. சென்டருக்கு இவர் சிறியவர் என்பதே காரணம். 185 சென்டிமீட்டர் உயரம். பின்னாளில் உடம்பை ஏற்றிய பிறகும் 116 கிலோ அளவில்தான் இருந்தார். இன்று இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் சர்வசாதாரணமாக 136 கிலோவைத் தாண்டுகிறார்கள்.

எடையில் விட்டதை உழைப்பில் பிடித்தார். கூட்டாளிகள் நடந்து வர, ஸ்னாப் போடும் இடத்துக்கு இவர் ஓடிப்போவார். கடும் குளிரிலும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வெறும் கையோடு நிற்பார். எதிரே இருப்பவன் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம். 1975 சீசனின் கடைசியில் தொடங்கி 1986 வரை 150 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக முதல் ஸ்னாப்பிலிருந்தே ஆடினார். அந்த வரிசையை முறித்தது 1986-இல் மூட்டு விலகிய முழங்கை.

அணியின் கோடைக்கால முகாம் லட்ரோப் என்ற ஊரில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடக்கும். அங்கே ‘ஓக்லஹோமா டிரில்’ ஒரு சடங்கு போல நடந்தது. இரு பக்கமும் தடுப்பு வைத்த குறுகிய சந்தில் இருவரை எதிரெதிரே நிறுத்தி, விசில் அடித்ததும் மோத விடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் கூச்சலிடுவார்கள். ஆட்ட நாளில் வாங்கிய அடிகளை மட்டும் எண்ணினால் முன்வரிசையில் ஆடும் ஒரு லைன்மேனின் கணக்கு பாதிகூட வராது என்று நான் நினைப்பதற்கு இந்தப் பயிற்சிகள்தான் காரணம்.

1988 சீசனோடு ஸ்டீலர்ஸ் அணியில் இவருடைய காலம் முடிந்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி முன்வரிசைப் பயிற்சியாளராக அழைத்தது. அங்கே போனவர் விசிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். 37, 38 வயதில் இன்னும் இரண்டு சீசன். மொத்தம் 245 ஆட்டங்கள். 1991 மார்ச்சில் ஓய்வு.

பயிற்சியாளர் வேலை கையில் இருக்கும்போது ஏன் திரும்ப இறங்கினார்? வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘காயத்தோடு ஆடுவது வேறு, காயப்பட்டு வெளியே போவது வேறு’ என்பதுதான் அந்தத் தொழில் சொல்லிக்கொடுக்கும் பாடம். தலை கிறுகிறுத்தால் அம்மோனியா உப்பை மூக்கில் காட்டி உள்ளே அனுப்பிய காலம் அது. ‘மணி அடித்துவிட்டது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முழங்கால் வீங்கினால் அணி மருத்துவர் கோப்பில் ஏறும். நெற்றியில் மோதிக் கண் ஒரு விநாடி இருட்டினால் அது எந்தக் கோப்பிலும் ஏறாது. அதை யாரும் காயமாகவே நினைக்கவில்லை, அவர் உட்பட.

ஓய்வுக்குப் பிறகு கண்டவை

முதலில் மனைவிதான் கவனித்தார். நிதானமாக இருந்த மனிதர் சின்ன விஷயத்துக்கும் வெடித்தார். கட்டணங்கள் கட்டப்படாமல் கிடந்தன. யோசிக்காமல் போட்ட முதலீடுகளில் பணம் போயிற்று, வீடும் போயிற்று. சில வேலைகளில் இறங்கிப் பார்த்தார், ஒன்றும் நிலைக்கவில்லை. குடும்பம் பிரிந்தது.

1990களின் நடுவில் பிட்ஸ்பர்க் பக்கம் தன் பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் இரவைக் கழித்தார். உடைந்த வண்டிக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. கழன்ற பற்களை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொண்டார். உடல் வலியில் தூக்கமே வராது. மின்சார அதிர்ச்சிக் கருவியைத் தன் உடம்பில் வைத்து, அந்த அதிர்ச்சியில் சில மணி நேரம் நினைவிழந்து கிடப்பார். அதை அழுத்திவிடும்படி மகனிடமும் நண்பரிடமும் கேட்டிருக்கிறார். தாள் தாளாகக் கடிதங்கள் எழுதினார். தொடக்கத்தில் அர்த்தமுள்ள வாக்கியமாக இருக்கும்; போகப் போக வரிகள் சிதறி, கையெழுத்தே வேறொருவருடையது போல ஆகிவிடும்.

1997 ஜூலையில் ஓஹாயோவில் உள்ள கேன்டன் நகரில், சிறந்த கால்பந்து வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தார்கள். மேடையில் அவருடைய பழைய குவாட்டர்பேக் ஒரு பந்தை வரவழைத்தார். இவர் குனிந்து, அந்த உடையிலேயே கடைசியாக ஒரு ஸ்னாப் போட்டுக் கொடுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம் அவர் பேசினார். ஒதுக்கிய நேரத்தைப் பல மடங்கு தாண்டியும் பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. அங்கிருந்தவர்களில் நெருங்கியவர்களுக்கு விஷயம் புரிந்தது. மற்றவர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கவனத்தைச் சற்று ஒருமுகப்படுத்தித் தந்தது ரிட்டாலின் மாத்திரைதான். அதற்கான மருந்துச் சீட்டைப் போலியாக எழுதியதாக 1999-இல் கைதானார். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். செய்தித்தாள்கள் இதை ஒரு நட்சத்திரத்தின் வீழ்ச்சியாக எழுதின. நோயாளி ஒருவர் தனக்கு வேலை செய்யும் ஒரே மருந்தைத் தேடிப் போன கதை என்று படிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பமும் வாரியத்தின் முடிவும்

ரசிகராக அறிமுகமாகிப் பின்னர் நெருங்கிய நண்பரான ஓர் இளைஞர்தான் இவரைக் கவனித்துக்கொண்டார். மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் இவருக்காக நின்றார். அந்த வழக்கறிஞர் எடுத்த முதல் முடிவு முக்கியமானது: ஒரே ஒரு மருத்துவரின் சான்றோடு போகவில்லை. உளவியலாளர், மனநல மருத்துவர் என்று தனித்தனியாகப் பலரிடம் காட்டி அறிக்கை வாங்கினார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். திரும்பத் திரும்பத் தலையில் பட்ட அடியால் மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது. இவரால் எந்த வேலையும் பார்க்க முடியாது.

1999-இல் என்எஃப்எல் வீரர்களின் ஓய்வூதிய வாரியத்திடம் இயலாமை உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போனது. இந்த வாரியத்தில் வாக்குரிமை உள்ளவர்கள் ஆறு பேர்: மூவர் அணி உரிமையாளர்கள் தரப்பு, மூவர் வீரர் சங்கத் தரப்பு. வாரியம் தன் சார்பில் ஒரு நரம்பியல் மருத்துவரை அனுப்பிப் பரிசோதித்தது. அவரும் மற்றவர்கள் சொன்னதையே சொன்னார். அதற்கும் மேலே போய், ஓய்வு பெற்றபோதே இவர் முழுமையாக இயலாதவராகிவிட்டார் என்றார்.

சிக்கல் தொடங்கியது அங்கேதான். திட்டத்தில் இரண்டு வகை உதவித்தொகை இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏற்பட்ட பாதிப்பு அதன் பிறகு விரைவிலேயே ஆளை முழுமையாக முடக்கினால் ஒரு வகை. அதன் தொகை அதிகம். ஆட்டத்தின் விளைவாக, ஆனால் ஓய்வுக்குப் பின் மெல்ல மெல்ல வந்த இயலாமை என்றால் இன்னொரு வகை, தொகை குறைவு. இரண்டையும் பிரிப்பது ஒரு தேதி. வாரியம் இயலாமையை ஏற்றுக்கொண்டது, ஆனால் இரண்டாவது வகையில். முழு இயலாமை 1996-இலிருந்துதான் என்று கணக்கு வைத்தது. 1991-க்கும் 1996-க்கும் இடையில் அவர் சில வேலைகளை முயன்றதை அதற்குக் காரணமாகக் காட்டியது. மேல்முறையீட்டிலும் அதையே திரும்பச் சொன்னது.

வாரியத்தின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விதிகள் தேதி கேட்டன. விளையாடிய காலத்து மருத்துவக் கோப்புகளில் தலைக்காயம் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு நாள் கிடைக்காதபோது, வருமான விவரம் போன்ற காகிதங்களைப் பிடித்துக்கொள்வது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் மூளை கலங்கியவர் ஒரு வேலையை முயன்று தோற்பதும் நோயின் அடையாளம்தான். அதை வேலை பார்க்கும் திறனுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் இந்த நிகழ்வின் மையத் தவறு என்பது என் கருத்து.

இன்னொன்றும் அதே காகிதங்களில் இருந்தது. இவருடைய இயலாமைக்குக் காரணம் கால்பந்து வீரராக ஆடியபோது தலையில் பட்ட அடிகள் என்று மருத்துவ அறிக்கைகள் காட்டுவதாக 2000-ஆம் ஆண்டிலேயே வாரியத் தரப்புக் கடிதம் ஒப்புக்கொண்டது. லீக் 1994-இல் அமைத்த தலைக்காய ஆய்வுக் குழுவோ, 2003-இல் தொடங்கி வெளியிட்ட கட்டுரைகளில், இந்த ஆட்டத்தால் நீடித்த மூளைச் சேதம் ஏற்படுவதற்குச் சான்று இல்லை என்ற நிலையை எடுத்தது. லீக்கின் ஒரு கை எழுதியதை இன்னொரு கை மறுத்தது.

2002: பிரேதப் பரிசோதனை

செப்டம்பர் 24-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். உடல் அல்லெகனி கவுண்டி பிணக்கூறு அலுவலகத்துக்கு வந்தது. அந்த வார இறுதியில் பணியில் இருந்தவர் நைஜீரியாவில் பிறந்த இளம் நோயியல் மருத்துவர். கால்பந்து பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தொலைக்காட்சியில் இறந்தவரின் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருந்தார்.

இறப்புக்குக் காரணம் இதயம் என்பது தெளிவு. சான்றிதழ் எழுத அது போதும். மூளையை எடுத்துப் பார்த்தபோது வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. சுருங்கவில்லை, கன்றிப்போகவில்லை. பலர் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர் அதை ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தச் சொன்னார். இந்த மனிதரின் நடத்தைக்கும் இந்த மூளையின் தோற்றத்துக்கும் பொருந்தவில்லை என்பது மட்டுமே காரணம். மெல்லிய துண்டுகளாக்கிச் சாயமேற்றிப் பார்க்க ஆன செலவில் ஒரு பங்கைத் தன் பையிலிருந்தே போட்டார்.

நரம்பணுக்களில் டௌ என்ற புரதம் முடிச்சு முடிச்சாகத் தேங்கியிருந்தது. அல்சைமர் நோயில் இருக்கும் பாணியில் அது பரவியிருக்கவில்லை. குத்துச்சண்டைக்காரர்களிடம் காணும் மூளைக் கோளாறு புதிதல்ல. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். அதை ஒத்த ஒன்றை ஓர் என்எஃப்எல் வீரரின் மூளையில் காட்டியது இதுவே முதல் முறை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நிபுணர்களும் துண்டுகளைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். 2005 ஜூலையில் நியூரோசர்ஜரி இதழில் கட்டுரை வெளியானது. சிடிஇ என்று இன்று சுருக்கமாக அழைக்கப்படும் க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி என்ற பெயர் கால்பந்தோடு சேர்ந்தது அப்போதுதான்.

லீக் குழுவின் மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். இதழ் திரும்பப் பெறவில்லை. இதற்கிடையில் 2005-இல் இன்னொருவர் இறந்தார். அவரும் ஸ்டீலர்ஸ் அணியின் முன்வரிசைக்காரர்தான், 1980களில் நம் சென்டரோடு ஒரே வரிசையில் கார்டாக ஆடியவர். அவர் மூளையிலும் அதே முடிச்சுகள் இருந்தன.

வழக்கு

இறப்போடு கோரிக்கை முடிந்துவிடும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. குடும்பத்தின் சார்பில் வழக்குத் தொடர்ந்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூளைத் துண்டுகளில் கண்டது வாரியம் முடிவெடுத்தபோது அதன் கையில் இருந்ததில்லை. அதனால் வழக்கு நின்றது அந்தப் புதிய சான்றின் மேல் அல்ல. 1999-இல் வாரியத்தின் மேசையில் ஏற்கெனவே இருந்த மருத்துவ அறிக்கைகளின் மேல்.

மேரிலாந்து கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2005-இல் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 டிசம்பரில் அதை உறுதி செய்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் வாரியத்தின் முடிவில் நீதிமன்றம் எளிதில் கை வைக்காது. வாரியத்துக்கு உள்ள அதிகாரத்தை அது தவறாகப் பயன்படுத்தியது என்று காட்டினால்தான் வெல்ல முடியும். இங்கே அது காட்டப்பட்டது. தானே நியமித்த மருத்துவர் உட்பட, கருத்துச் சொன்ன மருத்துவர்கள் ஒரே குரலில் சொன்னதை, எதிர்ச்சான்று இல்லாமல் வாரியம் ஒதுக்கியது செல்லாது என்றது நீதிமன்றம். குடும்பத்துக்குக் கிடைத்தது 10 லட்சம் டாலருக்கும் அதிகம். அந்தப் பணம் ஒரு மெத்தையாகவும் மருந்தாகவும் மாறியிருக்க வேண்டிய ஆள் இறந்து அதற்குள் நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அதன் பிறகு லீக்கில்

மாற்றங்கள் மெதுவாக வந்தன. 2007-இல் ‘88 திட்டம்’ வந்தது. மறதி நோய் வந்த முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. பால்டிமோரில் 88 எண் சட்டை போட்டு ஆடிய ஜான் மாக்கியைக் கௌரவித்து வந்தவை அந்தப் பெயரும் அந்தத் தொகையும். 2009-இல் நாடாளுமன்றக் குழு விசாரணை நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லீக்கின் செய்தித் தொடர்பாளர், தலையதிர்ச்சிகள் நீண்டகாலப் பாதிப்பை உண்டாக்கலாம் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார். 2016-இல் லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் சிடிஇயோடு உள்ள தொடர்பையும் ஒத்துக்கொண்டார்.

ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2015 ஏப்ரலில் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதில் சிடிஇ கண்டறியப்பட்டு இறந்தவர்களுக்கான இழப்பீடு 2006 ஜனவரி 1-க்கும் 2015 ஏப்ரல் 22-க்கும் இடையில் இறந்தவர்களுக்கு என்று வகுக்கப்பட்டது. நோய் முதன்முதலில் காணப்பட்டவர் 2002-இல் இறந்தவர். மறுபடியும் ஒரு தேதி குறுக்கே நின்றது.

ஆராய்ச்சியும் வளர்ந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110-இல் சிடிஇ இருந்தது. இது தானமாக வந்த மூளைகளின் கணக்கு. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும். ஆகவே நூற்றில் தொண்ணூற்றொன்பது வீரருக்கும் வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. அந்த ஆய்வு வெளியான இரண்டாம் நாள் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் 26 வயது லைன்மேன் ஒருவர் ஓய்வை அறிவித்துவிட்டு, எம்ஐடியில் தன் கணித முனைவர் படிப்புக்கே போனார்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்னும் உதவுவது 2023-இல் வந்த ஆய்வு. கால்பந்து ஆடிய 631 பேரின் மூளைகளைப் பார்த்தது. நோயோடு சேர்ந்து வந்தது, தலையதிர்ச்சி என்று கண்டறியப்பட்ட சம்பவங்களின் எண்ணிக்கை அல்ல. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த அடிகளும் அவற்றின் விசையும்தான். அதாவது மயங்கி விழாத, ஆட்டத்தை விட்டு வெளியேறாத, யாரும் குறித்து வைக்காத சின்ன மோதல்கள். லைன்மேனின் அன்றாட வேலையே அதுதான்.

எது வேறாக நடந்திருக்கலாம்

முதலாவது, பயிற்சி. ஆட்டத்தில் மோதலைக் குறைக்க விளையாட்டையே மாற்ற வேண்டும். பயிற்சியில் குறைக்க ஒரு கையெழுத்து போதும். லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தம் சீசன் நடக்கும்போது முழுக் கவசம் போட்டுப் பயிற்சி செய்யும் நாட்களை 14-ஆகக் குறைத்தது. ஓக்லஹோமா டிரில் 2019-இல் விலக்கப்பட்டது. 2022 முதல் பயிற்சி முகாமில் லைன்மேன்கள் ஹெல்மெட்டின் மேல் மெத்தையிட்ட கார்டியன் கேப் போட வேண்டும் என்றானது. இவையெல்லாம் 1974-இலும் செய்யக்கூடியவைதான், கார்டியன் கேப் தவிர. மற்றவற்றுக்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது, அணி மருத்துவக் கோப்பு. வலி என்று வந்தால்தான் எழுதுவது என்ற முறை லைன்மேனுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஞாபகம், கவனம், தூக்கம், கோபம் ஆகியவற்றை அளந்து எழுதி வைத்திருந்தால், 1986-க்கும் 1990-க்கும் இடையே சரிவு தொடங்கியிருந்தால் அது தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால் அதுவும் வாரியத்துக்கு உதவியிருக்கும். இரு தரப்புக்கும் பயன்படக்கூடிய ஒன்றை யாருமே எழுதவில்லை.

மூன்றாவது, விண்ணப்பம் போட்ட காலம். ஓய்வுக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். நோயின் இயல்பே அதற்குக் காரணம். படிவத்தை நிரப்ப வேண்டிய உறுப்புதான் பழுதாகியிருந்தது. இப்படிப்பட்டவர் தானாக வந்து கேட்கட்டும் என்று ஓய்வூதியத் திட்டம் காத்திருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற முதல் ஐந்தாண்டில் ஆண்டுக்கு ஒரு முறை திட்டமே அழைத்துப் பரிசோதிக்கலாம். மனைவியையும் அந்த அறைக்குள் உட்கார வைத்துக் கேட்கலாம். இங்கே முதலில் கவனித்தவர் அவர்.

வழக்கறிஞர் செய்ததில் மாற்ற ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் சாராத பல மருத்துவர்கள், ஒவ்வொருவரிடமும் ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில், எல்லாம் முதல் விண்ணப்பத்தோடும் மேல்முறையீட்டோடும் கோப்பில் சேர்ந்திருந்தது. நீதிமன்றம் பார்த்தது அந்தக் கோப்பை மட்டும்தான். நோயியல் மருத்துவர் செய்ததையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்: காரணம் கிடைத்த பிறகும், பார்த்ததும் கேட்டதும் பொருந்தவில்லை என்றால் துண்டு போட்டுப் பார்ப்பது.

சிடிஇயை உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகக் கண்டறிய மருத்துவத்தில் இன்றுவரை வழியில்லை. ஆகவே தேதி கேட்கும் விதி இருக்கும் வரை, இப்போது ஆடிக்கொண்டிருக்கும் லைன்மேன்களின் வீட்டில் உள்ளவர்கள் தேதி போட்டு எழுதி வைப்பதுதான் கோப்பு: எந்த மாதம் முதல் சாவியை மறந்தார், எந்தக் கட்டணத்தை இரண்டு முறை கட்டினார், எந்த இரவில் தூங்கவில்லை.